ஓனிக்ஸ்-015: புற்றுச்செல்லை மட்டும் கொல்லும் வைரஸ் எதைப் பார்த்துக் கொன்றது?

1996 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை பெரிய சலசலப்பைக் கிளப்பியது. சாதாரணச் சளியை உண்டாக்கும் அடினோவைரஸில் ஒரு புரதத்தை வெட்டி எடுத்துவிட்டால், அது புற்றுச்செல்லுக்குள் மட்டும் பெருகி அதைக் கொல்லும், நல்ல செல்லைத் தொடாது என்று அந்தக் கட்டுரை சொன்னது. எழுதியவர்கள் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் இருந்த ஓனிக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். நிறுவனத்தைத் தொடங்கிய ஃப்ராங்க் மெக்கார்மிக்கும் அவர்களில் ஒருவர். வைரஸுக்கு ஓனிக்ஸ்-015 என்று பெயர் வைத்தார்கள்.

எட்டு வருடம் கழித்து, 2004-இல், அதே மெக்கார்மிக்கின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இன்னொரு கட்டுரை, முதல் கட்டுரை சொன்ன காரணம் தவறு என்று காட்டியது. வைரஸ் புற்றுச்செல்லைத் தேர்ந்தெடுத்துக் கொல்வது உண்மைதான், ஆனால் சொன்ன காரணத்தால் இல்லை. அதற்குள் அமெரிக்காவில் மருந்து கைவிடப்பட்டிருந்தது, சீனாவில் அதே மாதிரி வெட்டப்பட்ட இன்னொரு வைரஸ் அனுமதிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

புற்றுநோய்க்கான மரபணு சிகிச்சையில் எத்தனையோ தோல்விகள், சில வெற்றிகள் உண்டு. இந்த ஒன்றை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இது இரண்டிலும் சேராது என்பதுதான். ‘தேர்ந்தெடுத்துக் கொல்லும்’ என்ற சொல்லை அளந்து பார்க்காமல், அழகான ஒரு விளக்கத்தை நம்பி மருந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியாது.

வைரஸிடம் ஏன் போனார்கள்

வழக்கமான கீமோ மருந்துக்குப் புற்றுச்செல், நல்ல செல் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. வேகமாகப் பிரிகிற செல் எதுவோ அதை அடிக்கும், அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. மரபணு சிகிச்சைக்காரர்கள் தேடியது வேறு. புற்றுச்செல்லுக்குள் மட்டும் இருக்கும் ஒரு பழுதைப் பிடித்து, அந்தப் பழுது இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்கிற ஒன்றை உள்ளே அனுப்பவேண்டும்.

முதலில் முயன்ற வழிகளில் ஒன்று, பெருக முடியாத வைரஸில் ஒரு மரபணுவை ஏற்றி அனுப்புவது. ஹெர்ப்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவைக் கட்டிக்குள் செலுத்திவிட்டு, பிறகு கான்சிக்ளோவிர் மருந்தைக் கொடுப்பார்கள். அந்த மரபணு போய்ச் சேர்ந்த செல்லுக்குள் மட்டும் மருந்து நஞ்சாக மாறும். ரெட்ரோவைரஸைப் பயன்படுத்தினால் அது பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டும்தான் மரபணுவைப் பதிக்கும், மூளையின் நரம்புச்செல்கள் பிரிவதில்லை, எனவே மூளைக்கட்டிக்குப் பொருத்தமான ஏற்பாடு. 1992-இல் எலிகளின் மூளைக்கட்டியில் இது நன்றாகவே வேலை செய்தது. 248 நோயாளிகளை வைத்து நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2000-இல் வந்தபோது, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் அதிக காலம் வாழவில்லை. மரபணு போய்ச் சேர்ந்த செல்கள் மிகக் குறைவு, அவ்வளவுதான். பெருகாத வைரஸ் ஊசி போட்ட இடத்தைத் தாண்டி எங்கும் போகாது.

அப்படியானால் வைரஸே கட்டிக்குள் பெருகட்டும் என்பது அடுத்த யோசனை. ஒரு செல்லில் நுழைந்து, ஆயிரக்கணக்கில் நகலெடுத்து, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த செல்லுக்குப் போகும் வைரஸுக்குப் பரவச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது புதிய யோசனையும் அல்ல. 1956-இலேயே அமெரிக்காவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய 30 பெண்களுக்கு, எந்த மாற்றமும் செய்யாத அடினோவைரஸை ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பலருக்குக் கட்டியின் நடுப்பகுதி அழுகி உதிர்ந்தது, ஆனால் ஆயுள் கூடவில்லை. நாற்பது வருடம் கழித்து ஓனிக்ஸ் கொண்டுவந்த புதுமை, வைரஸைக் கட்டிக்குள் மட்டும் நிறுத்திவைக்க ஒரு வழி இருக்கிறது என்ற கருத்து.

827 எழுத்துகள்

அடினோவைரஸின் டி.என்.ஏ. சுமார் 36,000 எழுத்து நீளம். செல்லுக்குள் போனதும் அது முதலில் செய்கிற வேலை, ஈ1ஏ என்ற புரதத்தை உண்டாக்கி, சும்மா இருக்கும் செல்லை டி.என்.ஏ. நகலெடுக்கும் கட்டத்துக்குத் தள்ளுவது. வைரஸுக்கு அந்தக் கட்டத்தில் இருக்கும் பொருட்கள் வேண்டும். காரணமில்லாமல் நகலெடுக்கத் தொடங்கினால் செல் சும்மா இருக்காது. பி53 என்ற புரதம் சேரும், சேர்ந்தால் பிரிவதை நிறுத்தும் அல்லது செல்லையே சாகவைக்கும். செல் அவசரப்பட்டுச் செத்துவிட்டால் வைரஸின் பாடு திண்டாட்டம். அதனால் ஈ1பி-55கே என்று இன்னொரு புரதத்தை வைத்திருக்கிறது. இது பி53-ஐப் பிடித்துக்கொள்ளும் என்பது 1982-இலேயே தெரியும். ஈ4 பகுதியிலிருந்து வரும் ஒரு கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்து பி53-ஐச் சிதைத்தும் விடும்.

மெக்கார்மிக்கின் கணக்கு இப்படிப் போயிற்று. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பி53 மரபணு பழுதாகி இருக்கிறது. ஈ1பி-55கே இல்லாத வைரஸ் நல்ல செல்லுக்குள் போனால் பி53 எழுந்து அதை நிறுத்திவிடும். பி53 இல்லாத புற்றுச்செல்லுக்குள் போனால் நிறுத்த ஆளில்லை, வைரஸ் பாட்டுக்குப் பெருகும். வைரஸ் எதைத் தன் கையால் ஒழிக்கவேண்டுமோ அதைப் புற்றுநோய் ஏற்கனவே ஒழித்து வைத்திருக்கிறது. ஒரு வரியில் சொல்லிவிடலாம், கரும்பலகையில் மூன்று அம்புக்குறிகளில் வரைந்துவிடலாம். இவ்வளவு சுத்தமாக வந்து பொருந்தும் விளக்கத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

அந்த வைரஸைப் புதிதாகச் செய்யவும் வேண்டியிருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் பெர்க்கின் ஆய்வுக்கூடம் 1987-இலேயே, முற்றிலும் வேறொரு கேள்விக்காக, ஈ1பி-55கே மரபணுவில் 827 எழுத்துகளை நீக்கிய ஒரு வைரஸைச் செய்து வைத்திருந்தது. மிச்சமிருக்கும் துண்டிலிருந்து அரைகுறைப் புரதம் வந்துவிடக் கூடாதென்று ஒரு நிறுத்தக் குறியையும் சேர்த்திருந்தார்கள். அதுதான் ஓனிக்ஸ்-015 ஆனது.

1996 கட்டுரையின் சோதனைகள் வலுவாகவே இருந்தன. பி53 பழுதான கருப்பை வாய்ப் புற்றுச்செல்களை எதிர்ப்புச் சக்தி குறைந்த சுண்டெலிகளில் வளர்த்து, கட்டிக்குள் வைரஸை ஊசி போட்டபோது 60 சதவீதக் கட்டிகள் முற்றிலும் மறைந்தன. பி53 ஒழுங்காக இருக்கும் செல்களில் வைரஸ் பெருகவில்லை. அதே செல்களுக்குள் பழுதான பி53-ஐப் புகுத்தியபோது பெருக ஆரம்பித்தது. இந்தக் கடைசிச் சோதனைதான் பலரை நம்பவைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும், இந்தத் துறையில் இன்றைக்கும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இது. மனித அடினோவைரஸ் சுண்டெலியின் செல்லுக்குள் சரியாகப் பெருகாது. எனவே சுண்டெலியின் உடம்புக்கு எதுவும் ஆகவில்லை, மனிதக் கட்டி மட்டும் கரைந்தது என்று காட்டினால், அது வைரஸின் தேர்ந்தெடுக்கும் திறமைக்குச் சாட்சியே அல்ல, வெட்டாத வைரஸை ஊசி போட்டாலும் எலியின் நல்ல செல்கள் தப்பித்துத்தான் இருக்கும். போதாக்குறைக்கு அந்த எலிகளுக்கு எதிர்ப்புச் சக்தியும் இல்லை. மனிதர்களிலோ பெரும்பாலோருக்கு அடினோவைரஸ் எப்போதோ வந்து போயிருக்கும், ஆன்டிபாடிகள் தயாராக நிற்கும். ஆக, எலியில் பார்த்தது கொல்லும் திறனை மட்டும்தான்.

நோயாளிகளிடம் என்ன நடந்தது

முதல் சோதனைகளுக்குத் தலை, கழுத்துப் புற்றுநோயைத் தேர்ந்தெடுத்தார்கள், புத்திசாலித்தனமான தேர்வு. கட்டி வெளியே தெரியும், ஊசி நேராகப் போகும், திசுவை எடுத்துச் சோதிப்பது எளிது, பி53 பழுதும் அதில் அதிகம். வழக்கமான முறை ஒரு நாளைக்கு 1,000 கோடி வைரஸ் அலகுகள், தொடர்ந்து ஐந்து நாள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஊசி போட்ட இடத்தில் வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தன. அதைத் தாண்டிப் பெரிய தீங்கு வரவில்லை. பிறகு கல்லீரல் தமனி வழியாக, ரத்தச் சிரை வழியாக, வாய்க்குள் புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் இருக்கும் திட்டுகளுக்கு வாய்க் கொப்பளிப்பாக என்று பல வழிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பு விஷயத்தில் வைரஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

பலன் விஷயம்தான் இழுபறி. வைரஸை மட்டும் தனியாகக் கொடுத்தபோது கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்கள் ஏழு பேரில் ஒருவர் அளவுக்குத்தான்.

2000-ஆம் ஆண்டில் வந்த இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்துப் படித்தால் இந்த வழக்கின் முடிச்சு புரியும். ஒன்றில், வைரஸை மட்டும் பெற்ற தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் கட்டிகளைப் பி53 நிலைப்படி பிரித்திருந்தார்கள். பி53 பழுதான 12 கட்டிகளில் 7 வைரஸால் அழிந்து சிதைந்தன, பழுதில்லாத 7 கட்டிகளில் ஒன்றுகூட இல்லை. கட்டியைச் சுற்றியிருந்த நல்ல திசுவில் வைரஸ் பட்டும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இன்னொன்று, ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது, வைரஸோடு சிஸ்பிளாட்டின், 5-ஃப்ளூரோயுராசில் என்ற இரண்டு கீமோ மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த சோதனை. மதிப்பிட முடிந்த 30 பேரில் 8 பேருக்கு ஊசி போட்ட கட்டி முழுமையாக மறைந்தது, இன்னும் 11 பேருக்குப் பாதிக்கு மேல் சுருங்கியது. ஒரே நோயாளியின் உடம்பில் ஊசி போட்ட கட்டியையும் போடாத கட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள், அது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் கீமோ இரண்டுக்கும் போகிறது, வைரஸ் ஒன்றுக்குத்தான் போகிறது. ஆறு மாதத்தில், பலன் தெரிந்த கட்டி ஒன்றும் திரும்ப வளரவில்லை, கீமோ மட்டும் பெற்ற கட்டிகள் எல்லாம் வளர்ந்திருந்தன. அந்தக் காலத்துக்கு மிக நல்ல முடிவு. அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருக்கிறது: பலன் கிடைப்பதற்கும் பி53 பழுதாக இருப்பதற்கும் தொடர்பு இல்லை. அதாவது, பி53 ஒழுங்காக இருந்த கட்டிகளும் கரைந்தன.

மருந்து வேலை செய்கிறது, ஆனால் எதனால் வேலை செய்யும் என்று சொன்னார்களோ அதனால் இல்லை. இந்த இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கவேண்டும் என்பது என் கருத்து.

ஒட்டுப்போடுதல்

உண்மையில் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. 1998-லிருந்தே பல ஆய்வுக்கூடங்கள், பி53 ஒழுங்காக இருக்கும் சில புற்றுச்செல்களில் ஓனிக்ஸ்-015 நன்றாகப் பெருகுகிறது, பி53 இல்லாத சில செல்களில் பெருகாமல் திணறுகிறது என்று எழுதத் தொடங்கின. பெருகுவதா இல்லையா என்பதற்கும் பி53-க்கும் சம்பந்தமில்லை என்று தலைப்பிலேயே சொன்ன கட்டுரைகள் உண்டு. ஒரு குழு இன்னும் மேலே போய், வைரஸ் கடைசியில் செல்லை உடைத்து வெளியே வரப் பி53 தேவைப்படுகிறது என்று நேரெதிராகச் சொன்னது.

இதற்கு ஓனிக்ஸ் தரப்பில் பதில் இருந்தது, அது முட்டாள்தனமான பதிலும் அல்ல. மரபணுவின் எழுத்துகள் சரியாக இருந்தால் பி53 வேலை செய்கிறது என்று ஆகிவிடாது. பாப்பிலோமா வைரஸின் ஈ6 புரதம் அதைச் சிதைத்திருக்கலாம், பி53-ஐ அடக்கும் எம்.டி.எம்.2 என்ற புரதம் அதிகமாகியிருக்கலாம், அந்த எம்.டி.எம்.2-ஐத் தடுக்கும் பி14ஏ.ஆர்.எஃப். என்ற புரதம் தொலைந்திருக்கலாம். இந்தக் கடைசி ஒன்றுக்கு 2000-இல் சோதனை ஆதாரமும் காட்டினார்கள்: பி53 ஒழுங்காகவும் பி14ஏ.ஆர்.எஃப். இல்லாமலும் இருந்த செல்லில் அதைத் திருப்பி வைத்ததும் வைரஸ் அடங்கியது. எனவே ‘பி53 மரபணு பழுதானால்’ என்பது ‘பி53 பாதையில் எங்காவது பழுதானால்’ என்று மாறியது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் புதிய வாசகத்தைப் பொய்யென்று காட்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஏறக்குறைய எல்லாப் புற்றுச்செல்லிலும் அந்தப் பாதையில் ஏதாவது ஒரு கோளாறு தேடினால் கிடைக்கும். பெருகினால் பழுது இருக்கிறது என்று அர்த்தம், பெருகாவிட்டால் பழுது இல்லை என்று அர்த்தம். இதை வைத்து எந்த நோயாளிக்கு மருந்து கொடுப்பது என்று ஒரு டாக்டர் முடிவெடுக்க முடியாது. வைரஸ் நுழைவதற்கு வேண்டிய ஏற்பி கட்டியில் இருக்கிறதா, நுழைந்தபின் அது எந்தப் படியில் நின்றுபோகிறது என்று படிப்படியாகத் தேடும் வேலை, பி53 விவாதத்தின் நிழலில் பின்னுக்குப் போய்விட்டது.

2004: வெட்டியது ஒன்று, போனது இரண்டு

அந்த வேலையைக் கடைசியில் செய்தவர் கிளோடா ஓ’ஷே. மெக்கார்மிக் சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார், அவருடைய ஆய்வுக்கூடத்தில்தான் இவர் வேலை செய்தார். முதல் கேள்வியே நேரடியானது: ஓனிக்ஸ்-015 நல்ல செல்லுக்குள் போகும்போது பி53 உண்மையிலேயே எழுந்து வேலை செய்கிறதா?

பி53 குவிகிறது, சந்தேகமில்லை, அதைச் சிதைக்கும் ஈ1பி-55கே இல்லையே. ஆனால் குவிந்த பி53 எதையும் செய்வதில்லை. அது முடுக்கிவிட வேண்டிய மரபணுக்கள் எதுவும் வேலையைத் தொடங்கவில்லை. வைரஸைத் தடுத்து நிறுத்துவதாகப் பெயர் வாங்கிய புரதம், செல் முழுக்க நிரம்பிக் கிடந்தும் வாய் மூடி நிற்கிறது. நல்ல செல்லில் வைரஸ் நின்றுபோவது வாஸ்தவம், நிறுத்துவது பி53 இல்லை.

அப்புறம் யார்? ஈ1பி-55கே ஒரு அலுவலகத்தில் இரண்டு மேசையைக் கவனிக்கிற ஆள் மாதிரி. ஒரு மேசைக்கு ஆள் வேண்டாம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பினால் இன்னொரு மேசையும் காலியாகிவிடும். பி53-ஐ அடக்குவது ஒரு வேலை. இன்னொன்று, நோய்த்தொற்றின் பிற்பகுதியில் வைரஸின் ஆர்.என்.ஏ.க்களை, அதாவது புரதம் செய்வதற்கான செய்தி நகல்களை, செல்லின் கருவிலிருந்து வெளியே அனுப்பி, செல்லின் சொந்த ஆர்.என்.ஏ.க்களை உள்ளேயே நிறுத்திவைப்பது. வெளியே போனால்தான் வைரஸின் கூடு செய்யும் புரதங்கள் உருவாகும். ஓனிக்ஸ்-015-இல் அந்த 827 எழுத்துகளோடு இந்த ஏற்றுமதியும் போய்விட்டது. நல்ல செல்லில் வைரஸின் டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது, ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது, வாசலைத் தாண்ட முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. பல புற்றுச்செல்களோ, ஏதோ ஒரு மாற்றத்தால், ஈ1பி-55கே இல்லாமலே அந்த ஆர்.என்.ஏ.க்களை வெளியே விடுகின்றன. அங்கே வைரஸ் பிழைக்கிறது, செல் சாகிறது.

இரண்டாவது வேலை புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் இதில் உறுத்துகிறது. அடினோவைரஸ் ஆய்வாளர்களுக்கு 1980-களிலிருந்தே தெரிந்த விஷயம். 1996-இல் பி53-தான் எல்லோருடைய கண்ணையும் நிறைத்திருந்தது, ஏற்றுமதியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள். 1996-இன் அந்த நம்பகமான சோதனையும் ஒன்றைத்தான் காட்டியது: பி53-ஐக் கெடுத்தால் சில செல்கள் வைரஸ் பெருக இணங்குகின்றன. அது செல்லின் குணத்தையே பல விதங்களில் மாற்றக்கூடிய காரியம், அதிலிருந்து ‘பி53 இல்லாததால்தான் வைரஸ் பெருகுகிறது’ என்று தாவுவதற்கு ஒரு படி குறைகிறது.

ஏற்றுமதிக் கணக்கு இன்னொன்றையும் விளக்கியது: ஓனிக்ஸ்-015 ஏன் பல கட்டிகளில் மந்தமாக இருந்தது என்பதை. எந்தப் புற்றுச்செல்லால் அந்த ஆர்.என்.ஏ.க்களைத் தானாக வெளியே அனுப்ப முடியவில்லையோ அங்கே வைரஸும் படுத்துவிடுகிறது, பி53 இருந்தாலும் இல்லாவிட்டாலும். தேர்ந்தெடுக்கும் குணத்தைக் கொடுத்த அதே வெட்டுதான் வலுவையும் குறைத்தது.

2005-இல் அடுத்த கட்டுரை. இணங்காத புற்றுச்செல்களைச் சற்றே சூடாக்கினால், வெப்ப அதிர்ச்சிக்கு அவை காட்டும் எதிர்வினையே ஏற்றுமதியைச் சரிசெய்துவிடுகிறது, ஓனிக்ஸ்-015 உள்ளே பெருகுகிறது. நல்ல செல்லில் சூடாக்கினாலும் அப்படி நடக்கவில்லை. ஆய்வகத் தட்டில் பார்த்தது இது. ஆனால் அந்த நோயாளிகளுக்கு வந்த முக்கியப் பக்க விளைவு என்ன என்று நினைத்துப் பாருங்கள்: காய்ச்சல். காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்து இறக்குவதுதான் எங்கும் உள்ள வழக்கம். செயல்முறை சரியாகத் தெரிந்திருந்தால், காய்ச்சலை இறக்கலாமா விடலாமா என்பதே சோதனைக்குள் வைத்துப் பார்த்திருக்கவேண்டிய ஒரு கேள்வி.

பணம், பிறகு சீனா

இந்த விளக்கங்கள் வந்தபோது கேட்க ஆளில்லை. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில், புற்றுநோய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு கல்லீரல் நொதிக் குறைபாட்டுக்கான சோதனையில், அடினோவைரஸ் ஊசி போட்ட ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தார். அது பெருக முடியாத வைரஸ், வேறு மருந்து, வேறு நோய், இருந்தாலும் அடினோவைரஸ் என்ற சொல்லே அச்சமூட்டுவதாகிவிட்டது. ஓனிக்ஸின் கூட்டாளியாக இருந்த வார்னர்-லாம்பர்ட்டை 2000-இல் ஃபைசர் வாங்கியது, சில ஆண்டுகளில் ஃபைசர் இந்தத் திட்டத்திலிருந்து விலகியது. தொடங்கிய மூன்றாம் கட்டச் சோதனை முடியவில்லை. 2003-இல் ஓனிக்ஸ் வைரஸ் வேலையை மொத்தமாக நிறுத்திவிட்டு, பேயருடன் சேர்ந்து செய்துகொண்டிருந்த சொராஃபெனிப் மாத்திரையில் முழு மூச்சாக இறங்கியது. அது 2005 டிசம்பரில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவு, குறை சொல்ல முடியாது.

ஷாங்காயின் சன்வே நிறுவனம் இதே கருத்தில் எச்101 என்ற வைரஸைச் செய்தது. ஈ1பி-55கே அதிலும் இல்லை, கூடவே ஈ3 பகுதியிலும் ஒரு துண்டு நீக்கப்பட்டது. 160 நோயாளிகளை வைத்து மூன்றாம் கட்டச் சோதனை நடத்தினார்கள். சிஸ்பிளாட்டின், 5-ஃப்ளூரோயுராசிலோடு எச்101-ஐயும் பெற்ற 52 பேரில் 41 பேருக்குக் கட்டி சுருங்கியது, கீமோ மட்டும் பெற்ற 53 பேரில் 21 பேருக்கு. 78.8-க்கு 39.6 சதவீதம். 2005 நவம்பரில் சீன அரசு அனுமதி தந்தது, புற்றுநோய்க்காகப் பெருகும் வைரஸுக்குக் கிடைத்த முதல் பெரிய அனுமதி அது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2003-இல், ஷென்சென்னின் சிபியோனோ நிறுவனத்தின் ஜென்டிசின் அங்கே அனுமதி பெற்றிருந்தது. அது எதிர்த் திசையில் போகிற மருந்து, பெருகாத அடினோவைரஸில் நல்ல பி53 மரபணுவை ஏற்றி அனுப்புவது. அதே மாதிரியான அமெரிக்க மருந்து ஒன்றை அந்நாட்டு அதிகாரிகள் 2008-இல் ஏற்கவில்லை.

எச்101 எண்களைப் பார்த்து உடனே துள்ளவேண்டாம். அந்தச் சோதனை அளந்தது ஊசி போட்ட கட்டி சுருங்கியதா என்பதை, நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதை அல்ல. தலை, கழுத்துப் புற்றுநோயில் கட்டி சுருங்குவது விழுங்கவும் பேசவும் மூச்சுவிடவும் உதவும், அது சின்ன விஷயமில்லை, ஆனால் பரவிய நோய்க்கு அது பதிலாகாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த ஆதாரம் போதாது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்து வந்தவர்கள் எடுத்துக்கொண்டது

அடுத்த தலைமுறை வைரஸ்களைப் பார்த்தால் யார் இந்த வழக்கைக் கவனமாகப் படித்தார்கள் என்று தெரியும். டெல்டா-24 என்ற அடினோவைரஸில் ஈ1பி-55கே பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பதில் ஈ1ஏ புரதத்தில், ஆர்பி என்ற காவல் புரதத்தைப் பிடிக்கும் சின்ன இடத்துக்குரிய 24 எழுத்துகளை மட்டும் எடுத்தார்கள். ஒரு முழுப் புரதத்தையும் அதன் எல்லா வேலைகளையும் தூக்கி எறியாமல், ஒரே ஒரு பிடியை மட்டும் நறுக்குவது. இதன் மேம்பட்ட வடிவத்தை மீண்டும் வந்த மூளைக்கட்டிக்குள் ஒரே ஒரு முறை செலுத்திய 25 பேரில் 20 சதவீதத்தினர் மூன்று ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்தார்கள் என்று 2018-இல் எழுதினார்கள். முதல் கட்டச் சோதனைதான், ஒப்பிட வேறு குழு கிடையாது, இருந்தாலும் அந்த நோயில் மூன்று ஆண்டு என்பது அரிது.

அமெரிக்காவில் முதன்முதலாக 2015 அக்டோபரில் அனுமதி பெற்ற டி-வெக் அடினோவைரஸே இல்லை, ஹெர்ப்பிஸ் வைரஸ். தோலில் வரும் மெலனோமாவுக்கானது. நரம்பைத் தாக்க உதவும் ஐ.சி.பி.34.5 மரபணுவை நீக்கி, எதிர்ப்புச் செல்களை வரவழைக்கும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். 436 பேர் பங்கேற்ற சோதனையில் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த பலன் 16.3 சதவீதத்தினருக்கு, ஒப்பீட்டுக் குழுவில் 2.1 சதவீதத்தினருக்கு. இங்கே வைரஸ் தானே ஒவ்வொரு செல்லையும் தேடிக் கொல்லவேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. அது சில செல்களை உடைத்துக் கட்டியின் அடையாளங்களை வெளியே கொட்டினால் போதும், மிச்சத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பார்த்துக்கொள்ளும். இதைச் செய்த பயோவெக்ஸ் நிறுவனத்தை ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் 2011-இல் வாங்கியது. அதே ஆம்ஜென் 2013-இல் ஓனிக்ஸையும் 1,040 கோடி டாலருக்கு வாங்கியது, வைரஸுக்காக அல்ல, மாத்திரை, ஊசி மருந்துகளுக்காக.

2010-இல் ஓ’ஷேயின் குழு, அப்போது சால்க் ஆய்வுக்கூடத்திலிருந்து, ‘நேச்சர்’ இதழில் விட்டுப்போன ஒரு கேள்விக்குப் பதில் எழுதியது: ஓனிக்ஸ்-015 உள்ளே இருக்கும்போது குவிந்த பி53 ஏன் பேசாமல் இருந்தது? வைரஸிடம் இன்னொரு புரதம் இருந்திருக்கிறது, ஈ4-ஓ.ஆர்.எஃப்.3 என்று மிகச் சிறியது, 1996-இல் யாரும் இதைக் கணக்கில் வைக்கவில்லை. அது செல்லின் கருவுக்குள் ஒரு வலைப்பின்னலாகப் படர்ந்து, பி53 போய் அமரவேண்டிய மரபணுக்கள் இருக்கும் பகுதியையே இறுக்கிச் சுருட்டி மூடிவிடுகிறது. பி53 எவ்வளவு சேர்ந்தாலும் உட்கார இடம் கிடைக்காது. ஈ1பி-55கே, ஈ4-ஓ.ஆர்.எஃப்.3 இரண்டையும் நீக்கினால்தான் பி53 உண்மையில் விழித்துக்கொள்கிறது. மெக்கார்மிக் கரும்பலகையில் வரைந்த அந்த வைரஸ், அதாவது பி53 இருக்கும் செல்லில் பி53-ஆலேயே நிறுத்தப்படுகிற வைரஸ், வேண்டுமென்றால் அதில் இரண்டு வெட்டு தேவைப்பட்டிருக்கும். ஓனிக்ஸ்-015-இல் இருந்தது ஒன்று.